அவுட்டிங்: தமிழில் எந்த வினைச்சொல்?

தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளில் அவுட்டிங் என்றால், வார்டனிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊர் சுற்றப் போவது. இங்கே பார்க்கப்போவது அதே சொல்லின் வேறொரு பொருள். ஒருவர் தன்பாலீர்ப்பாளர் என்பதை, அவருடைய சம்மதம் இல்லாமல், அது தெரியாதவர்களிடம் இன்னொருவர் சொல்லிவிடுவதற்கும் அவுட்டிங் என்றுதான் பெயர். சொல்லப்படுவது உண்மையாக இருக்க வேண்டும். பொய் என்றால் அவதூறு என்ற பழைய சொல்லே போதும்.

இதன் தாய்ச்சொல், ஒருவர் தானே அதை வெளியில் சொல்வதைக் குறிக்கும் ‘கமிங் அவுட்’. மேல்தட்டுக் குடும்பப் பெண்கள் நடன விருந்தில் முதன்முதலாக ஊர்ப் பெரியவர்களுக்கு அறிமுகமாவதை ஆங்கிலத்தில் அப்படிச் சொன்னார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நியூயார்க்கின் தன்பாலீர்ப்பு ஆண்கள் அதைப் பாதி கேலியாகத் தங்கள் வட்டத்துக்குள் நுழைவதற்குப் பயன்படுத்தினார்கள் என்று வரலாற்றாசிரியர் ஜார்ஜ் சான்சி எழுதியிருக்கிறார். அப்போது வெளிவருவது தம்மைப் போன்றவர்களிடம் மட்டும்தான். உலகத்துக்குப் பறை சாற்றுவது அதில் இல்லை. ஒளிந்திருக்கும் அலமாரியைக் குறிக்கும் ‘குளோசெட்’ 1960களில்தான் வந்து ஒட்டிக்கொண்டது. (நம் ஊர்க் கடைகளில் குளோசெட் கேட்டால் கழிப்பறைப் பீங்கானை எடுத்துக் காட்டுவார்கள் என்பதால் அதை அப்படியே எழுதுவதும் ஆபத்து.) 1969இல் நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுவிடுதியில் காவல்துறைச் சோதனையை எதிர்த்துத் தன்பாலீர்ப்பாளர்கள் செய்த கிளர்ச்சிக்குப் பிறகு, எல்லோரிடமும் சொல்வது ஓர் அரசியல் கடமையானது. சொல்லாதவர்மீது கோழை என்ற பார்வை விழத் தொடங்கியதும் அதன் பிறகுதான்.

அந்தப் பார்வையின் விலையை ஆலிவர் சிப்பிள் கொடுத்தார். 1975 செப்டம்பர் 22 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்க அதிபர் ஜெரால்டு ஃபோர்டை நோக்கி ஒரு பெண் துப்பாக்கியால் சுட்டபோது, அவரது கையைப் பிடித்து இழுத்துக் குறி தவற வைத்தவர்களில் முக்கியமானவர் இந்த முன்னாள் மரைன் வீரர். அந்நகரத்துத் தன்பாலீர்ப்பாளர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். டெட்ராய்ட்டில் இருந்த பெற்றோருக்குத்தான் தெரியாது. தன்பாலீர்ப்பாளரும் வீரராக இருப்பார் என்று நாடு பார்க்கட்டும் என நினைத்தார் அந்நகரத்துத் தன்பாலீர்ப்பாளர் உரிமைச் செயற்பாட்டாளர் ஹார்வி மில்க். ஓரிரு நாளில் செய்தி நாளிதழுக்குப் போனது. குடும்பத்தோடு உறவு முறிந்தது. சிப்பிள் வழக்குப் போட்டார். ஏற்கெனவே பலருக்குத் தெரிந்த ஒன்று அந்தரங்கம் ஆகாது என்று 1984இல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஊருக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரியாது என்ற நிலை நம் எல்லோருக்கும் பழக்கமானதுதான். அது சட்டத்துக்குப் புரியவில்லை.

செயல் பழையது என்றாலும் ‘அவுட்டிங்’ என்ற பெயர் 1990 தொடக்கத்தில் ‘டைம்’ இதழின் வழியாகப் பரவியது. அந்த மார்ச்சில், இறந்து சில வாரங்களே ஆகியிருந்த பெரும் பணக்காரர் மால்கம் ஃபோர்ப்ஸ் தன்பாலீர்ப்பாளர் என்று நியூயார்க்கின் தன்பாலீர்ப்பாளர் வார இதழ் ‘அவுட்வீக்’ எழுதியது. 1994இல் லண்டனில் ‘அவுட்ரேஜ்’ என்ற தன்பாலீர்ப்பாளர் உரிமை அமைப்பினர் பத்து ஆங்கிலிகன் பேராயர்களின் பெயரை அறிவித்து, உண்மையைச் சொல்லுங்கள் என்றனர். தன்பாலீர்ப்பாளரைத் தள்ளி வைக்கும் திருச்சபையின் உயர்பதவியில் இருந்துகொண்டு ஒளியலாமா என்பது அவர்கள் வாதம். இரட்டை வேடத்தைக் கலைப்பதற்கு எனக்கு ஆட்சேபம் குறைவு. ஆனால் சிப்பிள் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யவில்லை. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு மூடிவிடுகிறது.

தமிழில் அப்படி மூட வேண்டியதில்லை. இலக்கணப்படி பார்த்தால் வெளிப்படு தன்வினை, வெளிப்படுத்து பிறவினை, கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் ‘தன் அடையாளத்தை வெளிப்படுத்தினார்’ என்றும் எழுதுகிறோமே, செய்தவர் யார் என்ற குழப்பம் வரும். நாளிதழ்க்காரர்களின் கை முதலில் போவது ‘அம்பலப்படுத்துதல்’ பக்கம். அம்பலம் என்பது ஊர்ப் பொதுமன்றம். ‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்பதில் இருப்பதும் அதுதான். எனினும் இன்று அம்பலமாவது ஊழலும் மோசடியும். அந்தச் சொல்லைப் போட்டதுமே, மறைத்தவர் குற்றவாளி என்று வாசகர் தலையாட்டிவிடுவார். பேராயர்கள் விவகாரத்துக்கு அதை எழுதலாம்.

சிப்பிளுக்குச் செய்யப்பட்டதை எழுத ‘காட்டிக்கொடுத்தல்’ வேண்டும். நம்பி இருந்தவரைப் பகைவரிடம் ஒப்படைப்பது அதன் பொருள். பழி செய்தவர்மீது விழும். 2010இல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழக மராத்திப் பேராசிரியர் ராமச்சந்திர சிராஸின் வீட்டுக்குள் கேமராவோடு புகுந்து, அவர் ஓர் ஆணோடு இருந்ததைப் படம்பிடித்தார்கள், அவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார், அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்த சில நாட்களில் வீட்டில் இறந்து கிடந்தார். ‘பேராசிரியரின் ரகசியம் அம்பலம்’ என்று இதற்குத் தலைப்புப் போடுபவருக்குச் சொல் தெரியவில்லை என்று மட்டும் நான் நினைக்க மாட்டேன். பாலீர்ப்பும் அந்தரங்க உரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றத்தின் 2017 புட்டசாமி தீர்ப்பு சொல்லியும் ஆயிற்று.

ஆட்களைக் குறிக்கும் சொற்கள் ஒருவழியாக நிலைபெற்று வருகின்றன. 2022இல் தமிழ்நாடு அரசு சொற்பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது. சொல்லாமல் இருப்பவரைத்தான் இன்னும் ‘ஒளிந்து வாழ்பவர்’, ‘மறைந்து வாழ்பவர்’ என்று தலைமறைவுக் கைதி போல எழுதுகிறார்கள். ‘வெளியில் சொல்லாதவர்’ போதும். யாரிடம் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தால் இன்னும் நல்லது: ‘வீட்டில் சொல்லாதவர்’, ‘அலுவலகத்தில் சொல்லாதவர்’. அவரே சொன்னால், ‘வெளிப்படுத்திக்கொண்டார்’. அந்தக் ‘கொண்டார்’ விடுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.