தசம இடங்களில் தொலைந்துபோன ஓர் இரவு

நாகர்கோவிலில் கல்லூரி மாணவர்களுக்கு வானியல் படப் பகுப்பாய்வு கற்றுத்தரும் பணியில் இருக்கிறேன். இரு பருவமழைகளும் நனைக்கும் எங்கள் குமரி மாவட்டத்தில், வானத்தை நம்பித் தொலைநோக்கியை மாடிக்கு ஏற்றக்கூடிய மாதங்கள் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரைதான். அப்படிக் கிடைத்த ஒரு பிப்ரவரி இரவைத் தோவாளைக்கு அருகே தன் வீட்டு மொட்டை மாடியில் விழித்துக் கழித்த மாணவர் ஒருவர், மறுவாரம் பென் டிரைவுடன் வந்தார்.

அவர் படமெடுத்தது டபிள்யூ உர்சே மேஜோரிஸ் என்னும் இரட்டை விண்மீன். இரு விண்மீன்களும் ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் ஒன்றையொன்று சுற்றி, மாறி மாறி மறைத்துக்கொள்வதால், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பொலிவு குறைகிறது. பொலிவு மிகக் குறையும் அந்தக் கணத்தைத் துல்லியமாகக் குறித்தால்தான், சுற்றுக்காலம் ஆண்டுக்கணக்கில் எப்படி மாறுகிறது என்பதை அறிய முடியும். அரை நிமிடத்துக்கு ஒன்றாக நாலரை மணி நேரம் எடுத்த படங்களை ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே மென்பொருளில் அளந்து, நேரத்தோடு பொலிவு மாறுவதைக் காட்டும் ஒளி வளைகோட்டையும் அவர் அழகாகவே வரைந்திருந்தார்.

"சார், அன்னைக்கு கிராஃப் நல்லாத்தான் வந்துச்சு. இப்ப அதே ஃபைலைப் போட்டா இப்படி வருது" என்று திரையைக் காட்டினார். வளைகோடு இருக்க வேண்டிய இடத்தில் புள்ளிகள் செங்குத்தான தூண்களாக நின்றன. ஒரு தூணில் முப்பதுக்குச் சற்றுக் குறைவான புள்ளிகள். தூணுக்கும் தூணுக்கும் நடுவே வெறும் வெள்ளை.

நடந்தது இதுதான். மென்பொருள் தந்த சிஎஸ்வி கோப்பை (அட்டவணையை வெறும் எழுத்தாக வைக்கும் கோப்பு) எக்செலில் திறந்தவர், நேரப் பத்தி ஒழுங்காகத் தெரியட்டும் என்று அதை 'நம்பர்' வடிவத்துக்கு மாற்றி, அதே பெயரில் மீண்டும் சிஎஸ்வியாகச் சேமித்துவிட்டார். அந்த வடிவம் இயல்பாக இரண்டு தசம இடங்களையே காட்டும். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது எக்செல் திரையில் தெரிவதைத்தான் எழுதும். வானியலில் நேரத்தை ஜூலியன் நாளாக, அதாவது மணியும் நிமிடமும் தசமப் பகுதியாக வரும் தொடர் நாள் எண்ணாகக் குறிக்கிறோம். 2023 பிப்ரவரி 24 இரவு 10.30 மணி என்பது அந்தக் கணக்கில் 2460000.20833. இதை இரண்டு தசமத்துக்குச் சுருக்கினால் 2460000.21 ஆகிறது, 10.26 முதல் 10.39 வரை எடுத்த அத்தனை படங்களுக்கும் அதே எண்தான் கிடைக்கும். ஒரு நாளில் நூறில் ஒரு பங்கு 14.4 நிமிடம் என்பதை நினைத்துப் பார்த்தால் இழப்பின் அளவு புரியும்.

மூலப் படங்களிலிருந்து மறுபடி அளக்கலாமே என்றேன். 17 ஜிபி இடத்தை அடைத்த அந்த ஃபிட்ஸ் (வானியல் பட வடிவம்) கோப்புகளை அவர் ஏற்கெனவே அழித்திருந்தார். வரிசை எண்ணை வைத்து நேரத்தை மீட்கவும் வழியில்லை. கடலிலிருந்து வந்த மேகம் மறைத்த படங்களை இடையிடையே நீக்கியிருந்தார். எஞ்சியது முதல் நாள் சேமித்த வரைபடத்தின் பிஎன்ஜி படம் மட்டுமே. அதன் அச்சுகளை அளவுகோலாகக் கொண்டு புள்ளிகளை ஒவ்வொன்றாகக் குறித்து, இரண்டு மாலை உட்கார்ந்து, பொலிவு குறைந்த நேரத்தை ஓரளவு மீட்டோம். ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்த புள்ளிகளைப் பிரிக்க முடியவில்லை. பிழை அளவுப் பத்தியோ தேவையில்லை என்று எப்போதோ நீக்கப்பட்டிருந்தது. பிழை அளவு இல்லாத முடிவை நான் எவருக்கும் அனுப்பச் சொல்வதில்லை.

ஆகவே, வரைபடத்தைச் சேமிக்கும்போதே அளவீட்டு அட்டவணையையும் முழுமையாகச் சேமித்து, அந்த மூலக் கோப்பை எக்செலில் தொடாமல் வைத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். தலைப்பு வரியை வெறும் 'நேரம்' என்று மாற்றாதீர்கள். பூமியில் பதிவான நேரத்துக்கும், சூரிய மண்டலத்தின் நிறைமையத்துக்குத் திருத்திய நேரத்துக்கும் ஒளி பயணிக்கும் காலத்தால் எட்டு நிமிடம் வரை வேறுபாடு வரும். அட்டவணையில் இருப்பது எது என்பதை அந்தத் தலைப்பு மட்டுமே சொல்கிறது. ஜூலியன் நாள் உலகப் பொது நேரத்தில் கணக்கிடப்படுவதால் கழிக்க வேண்டிய நம் ஐந்தரை மணி நேர வேறுபாட்டைக் கழிக்காமல் இந்திய நேரத்தையே பதிந்துவிடும் தவறையும் அடிக்கடி பார்க்கிறேன்.

வானியல் படங்களைப் பார்க்க உதவும் டிஎஸ்9 மென்பொருளில் படத்தின் குறுக்கே கோடிட்டுப் பெறும் பொலிவு வரைபடத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அந்த வரைபடச் சாளரத்திலேயே தரவைத் தனியாகச் சேமிக்க வசதி உண்டு. அங்கே பிக்சல் எண் 1-இல் தொடங்குகிறது, பைத்தான் நிரல்மொழியில் 0-இல் தொடங்குகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளை மூடுவதற்கு முன், சேமித்த கோப்பை நோட்பேடில் திறந்து முதல் சில வரிகளைப் படித்துப் பார்ப்பதை இப்போது என் வகுப்பில் கட்டாயமாக்கியிருக்கிறேன். ஐந்து தசம இடங்கள் இருந்தால் நேரம் ஒரு விநாடிக்குள் நிற்கும். அந்த மாணவர் மார்ச் மாதத்தில் மறுபடியும் மாடி ஏறினார். அந்த இரவின் கோப்பில், நேரப் பத்தியில் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கங்கள் இருந்தன.