கொல்லன் மகன் நட்ட சிலுவை

அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் நடுவில், ஐரிஷ் கடலில் இருக்கிறது மேன் தீவு. அங்கே கிர்க் மைக்கேல் ஊரின் தேவாலயத்தில் 10ஆம் நூற்றாண்டுக் கற்சிலுவை ஒன்று உண்டு. அதில் வெட்டிய வாசகம் ஏறக்குறைய இப்படிப் போகிறது: "கொல்லன் ஆதகன் மகன் மெயில்பிரிக்டி தன் ஆன்மாவுக்காக இந்தச் சிலுவையை நட்டான். இதையும் மேனில் உள்ள எல்லாவற்றையும் செய்தவன் கௌட்."

தீவிலுள்ள சிலுவையெல்லாம் தன் கைவேலை என்று கல்லிலேயே எழுதிவிட்ட அந்தச் சிற்பியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கௌட் என்பது நோர்ஸ் பெயர், அதாவது ஸ்காண்டினேவியாவிலிருந்து வந்த வைக்கிங்குகளின் மொழிப் பெயர். வாசகத்தின் மொழியும் நோர்ஸ், எழுத்து அவர்களுடைய ரூன். ஆனால் சிலுவை செய்யச் சொன்னவர்? மெயில்பிரிக்டி என்றால் 'புனித பிரிஜித்தின் அடியான்'. சுத்தமான கெல்ட்டியப் பெயர், அதாவது வைக்கிங்குகளுக்கு முன்பே இங்கிருந்தவர்களின் மொழிப் பெயர். அப்பா பெயரும் அப்படித்தான்.

9ஆம் நூற்றாண்டில் நோர்ஸ்காரர்கள் இங்கே குடியேறியபோது இந்த இணக்கம் இல்லை. தீவின் பல்லடூல் என்ற இடத்தில் அவர்கள் ஒருவரைக் கப்பலோடு புதைத்தார்கள். அதற்காக அடியிலிருந்த கிறிஸ்தவக் கல்லறைகளைக் கலைத்தார்கள். மரம் மக்கிப்போய், பலகைகளைப் பிணைத்த இரும்பாணிகள்தான் மிஞ்சின. பீல் தீவுக்கோட்டையில் கிடைத்த 10ஆம் நூற்றாண்டுப் பெண்ணின் கல்லறை வேறு கதை. கழுத்தில் கண்ணாடி, அம்பர், ஜெட் என்ற கருங்கல் என்று 71 மணிகள். பொருட்களோடு புதைப்பது நோர்ஸ் வழக்கம். ஆனால் குழியைச் சுற்றிக் கல் பதித்தது உள்ளூர்க் கிறிஸ்தவ முறை. நோர்ஸ் பெண்கள் தோளில் குத்தும் ஜோடி ஊசியும் இல்லை.

இந்தக் கலப்பு எப்படி நடந்தது? வீட்டுக்குள்ளே என்றுதான் எனக்குப் படுகிறது. கிர்க் மைக்கேலிலேயே இன்னொரு கல், மல்முரி என்ற வளர்ப்புத்தாயின் நினைவாக நட்டது. அவள் பெயரும் அவள் தந்தை டுஃப்கல் பெயரும் கெல்ட்டியம். கணவன் ஆத்திசுல் நோர்ஸ் பெயர்க்காரன். அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளைக்குத் தாலாட்டு எந்த மொழியில் இருந்திருக்கும்?

பதிலைக் குடும்பப் பெயர்களே சொல்கின்றன. கெல்ட்டிய மொழியில் 'மாக்' என்றால் மகன். தோர்கெட்டில் என்ற நோர்ஸ்காரரின் மகன் 'மாக் தோர்கெட்டில்'. நாளடைவில் 'மா' உதிர்ந்து, கடைசி 'க்' மட்டும் பெயரோடு ஒட்டிக்கொண்டு கோர்கில் ஆயிற்று. கோர்லெட்டும் அதே வழியில் வந்ததுதான். தாத்தா நோர்ஸ், ஆனால் அவர் பிள்ளையை 'இன்னாரின் மகன்' என்று அழைத்த இலக்கணம் கெல்ட்டியம்.

சட்டம் மட்டும் வந்தவர்கள் பக்கமே நின்றது. 1266இல் நோர்வே அரசர் தீவை ஸ்காட்லாந்துக்குக் கொடுத்த பிறகும் நாடாளுமன்றத்தின் பெயர் டின்வால்ட்தான். நோர்ஸில் 'கூட்டம் கூடும் வெளி'. வழக்கமாக ஜூலை 5 அன்று செயின்ட் ஜான்ஸில் உள்ள நான்கடுக்கு மேட்டில் அது கூடும்போது, புதுச் சட்டங்களை ஆங்கிலத்திலும் மாங்ஸ் மொழியிலும் அறிவிக்கிறார்கள். தீவின் கெல்ட்டிய மொழியான மாங்ஸ், மெயில்பிரிக்டி பேசிய மொழியின் பேத்தி.