ஷேப்பிங்: வடிவமைத்தல் அன்று, வனைதல்

விடைத்தாள் ஒன்றில் இப்படி எழுதியிருந்தது: "வடிவமைத்தல் என்பது ஆசிரியர் பாடத்தை முன்கூட்டியே திட்டமிடுவது." கேள்வியோ அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் ஷேப்பிங் (shaping) பற்றியது. மாணவரைக் குறை சொல்ல மாட்டேன். பாடக்குறிப்பில் ஷேப்பிங்குக்குத் தந்திருந்த அந்தச் சொல் அவரை அங்கேதான் கொண்டுபோய் விடும்.

பழைய ஆங்கிலத்தில் ஷேப்பிங் என்பதன் வேருக்குப் படைத்தல் என்று பொருள். உளவியலில், ஓர் உயிருக்குத் தெரியாத செயலைக் கற்பிக்க, அதன் சாயல் லேசாகத் தெரியும் அசைவுக்கே முதலில் வலுவூட்டல் (தீனி போன்ற பரிசு) தந்து, பிறகு எதிர்பார்ப்பைச் சிறிது சிறிதாக உயர்த்துவது. 1943இல் மினியாபொலிஸ் மாவு ஆலை ஒன்றின் மேல்தளத்தில் ஸ்கின்னர் குழுவினர் ஒரு புறாவை மரப்பந்தை அலகால் தள்ளப் பழக்கினார்கள். தானாகத் தள்ளட்டும் என்று காத்திருந்தார்கள், நடக்கவில்லை. சரி, பந்தைப் பார்த்தாலே தீனி என்று இறங்கி வந்தார்கள். சில நிமிடங்களில் பந்து பெட்டிச் சுவர்களில் மோதி ஓடியது.

இதில் வடிவமைப்பு எங்கே இருக்கிறது? கட்டடத்தை வடிவமைக்கிறோம், இணையதளத்தை வடிவமைக்கிறோம். அங்கே வரைபடம் முதலில், பொருள் பிறகு. இங்கே முடிவு மட்டுமே பழக்குபவர் கையில். அடுத்த படி எது என்பதைப் புறாவின் அசைவுதான் காட்டும். 'வார்த்தல்' என்பாரும் உண்டு. அச்சில் ஊற்றினால் ஒரே தடவையில் முடிந்துபோகும். படிப்படி என்ற உயிரே போய்விடும். அகராதியில் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, அந்தச் செயல் எப்படி நடக்கிறது என்று பாராமலே மொழிபெயர்க்கிறார்கள். எனக்குக் கோபமே அதில்தான்.

நம்மிடம் 'வனைதல்' இருக்கிறது, குயவர் சக்கரத்தில் மண்ணைக் கலமாக்குவது. கணவனை இழந்த பெண் ஈமத்தாழியைத் தனக்கும் இடமிருக்கும்படி அகலமாக 'வனைமோ' என்று குயவரிடம் கேட்கிறாள், புறநானூறு 256இல். ஸ்கின்னரும் 1953இல் நடத்தை உருவாவதைச் சிற்பி களிமண்ணுக்கு உருக்கொடுப்பதோடுதான் ஒப்பிட்டார். சக்கரத்தின் எந்தச் சுற்றில் மண் கலமாயிற்று என்று யாரும் சுட்ட முடியாது. புறா எப்போது கற்றது என்பதும் அப்படியே. மண் தானாக அசையாது, புறா அசையும் என்பது நியாயமான மறுப்பு. ஆனால் அந்தக் குறை வடிவமைத்தலுக்கும் உண்டு.

தேர்வுக்கும் நூலுக்கும் 'நடத்தை வனைதல்'. அது இலக்கியமாகத் தோன்றினால் வகுப்பில் 'படிப்படியாகப் பழக்குதல்' என்றே சொல்லலாம். நீளம்தான், ஆனால் அந்த விடைத்தாளை எழுதிய மாணவருக்கு அது புரிந்திருக்கும்.