டிரக் மக்கர் செய்தால்: காற்றை அளக்காமல் கணக்குப் போடும் டிபிஐ எஞ்சின்

1987 முதல் 1995 வரை அமெரிக்காவில் வந்த செவர்லே, ஜிஎம்சி பிக்கப் டிரக்குகளில் ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே இருப்பது கார்பரேட்டர் என்றே முதலில் தோன்றும். உட்கார்ந்திருக்கும் இடமும் அதேதான். ஆனால் அது டிபிஐ, அதாவது த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன். 5.7 லிட்டர் வி8 எஞ்சினில், காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடுகளுக்கு மேலே இரண்டே இன்ஜெக்டர்கள். எட்டு சிலிண்டருக்கும் போக வேண்டிய பெட்ரோலை அந்த இரண்டும்தான் கூம்பு போலப் பீய்ச்சுகின்றன. இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் இந்த வண்டிகளுக்கு உதிரிபாகம் எளிதில் கிடைக்கிறது, விலையும் குறைவு. அதுவே ஒரு தொல்லை. கோளாறு எதுவென்று தெரியாமலே ஒவ்வொரு சென்சாராக வாங்கி மாட்டுகிறார்கள்.

மாட்டும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பதை அளக்கும் கருவி எதுவும் இதில் கிடையாது. ஈசிஎம் எனப்படும் கணினி அதைக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொண்டுபோகும் மேனிஃபோல்டுக்குள் உள்ள அழுத்தத்தை மேப் சென்சார் சொல்கிறது, சுழற்சி வேகத்தை, பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் சொல்கிறது, எஞ்சின் சூட்டை கூலன்ட் சென்சார் சொல்கிறது. இவற்றோடு தன் சிப்பில் பதிந்துள்ள அட்டவணையைச் சேர்த்து, இன்ஜெக்டரை எத்தனை மில்லி விநாடி திறந்து வைப்பது என்று ஈசிஎம் முடிவு செய்கிறது. ஒரு சென்சார் பொய் சொன்னால் கணக்கு சரியாகவே நடக்கும், விடை மட்டும் தப்பாக வரும். கரும்புகை கக்கும் டிரக்கில் இன்ஜெக்டர் பெரும்பாலும் நல்ல நிலையில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால் வேலை சுலபம். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி இன்ஜெக்டர்களைப் பாருங்கள். முகத்தைத் தள்ளியே வைத்திருங்கள், எஞ்சின் இருமினால் தீ மேலே வரும். ஸ்பார்க் வரும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டை ஒரு பிளக் வயரில் மாட்டி அதன் ஒளியைத் தெளிப்பின் மேல் பிடித்தால், கூம்பு நின்றுவிட்டதைப் போலத் தெளிவாகத் தெரியும். லைட் மின்னினாலே ஸ்பார்க் வருகிறது என்றும் தெரிந்துவிடும். ஸ்பார்க், தெளிப்பு இரண்டுமே இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போங்கள். அங்குள்ள பிக்கப் காயிலின் துடிப்பை வைத்துத்தான் இக்னிஷன் மாட்யூல் எனும் சிறு மின்னணுக் கருவி ஸ்பார்க்கையும் கொடுக்கிறது, ஈசிஎம்முக்கும் செய்தி அனுப்புகிறது. காயிலின் மின்தடை 500 முதல் 1,500 ஓம் வரை இருக்க வேண்டும். ஸ்பார்க் இருந்து தெளிப்பு மட்டும் இல்லையென்றால் பம்ப், ரிலே, இன்ஜெக்டர் ஃபியூஸ், டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து ஈசிஎம்முக்குப் போகும் வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

சூடான பிறகு அரை மணி நேரத்தில் ஆஃப் ஆகி, ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும் வண்டியில் முதல் சந்தேகம் மாட்யூல் மேல்தான். அணைந்து நிற்கும் அந்த நேரத்திலேயே ஸ்பார்க்கைச் சோதிக்க வேண்டும். ஆறிய பின் சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். புதிய மாட்யூலைப் பொருத்தும்போது அதன் அடியில் சூடு கடத்தும் சிலிகோன் கிரீஸைத் தடவாமல் விட்டால், அதுவும் சீக்கிரமே போய்விடும்.

செல்ஃப் நெடுநேரம் அடித்த பிறகுதான் ஸ்டார்ட் ஆகிறதா? சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் டேங்குக்குள் இருக்கும் பம்ப் இரண்டு விநாடி ஓடி நிற்க வேண்டும். காது கொடுத்தால் கேட்கும். சத்தமே இல்லாமல், பல விநாடி செல்ஃப் அடித்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டால், ரிலே போயிருக்கலாம். ரிலே கைவிட்டாலும் வண்டி வழியில் நிற்கக் கூடாது என்று ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாகப் பம்புக்கு இன்னொரு இணைப்பு வைத்திருக்கிறார்கள். ஆயில் அழுத்தம் சுமார் 4 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) ஏறியதும் அந்தச் சுவிட்ச் பம்பை ஓட்டும். மலிவான ரிலேவை விட்டுவிட்டு டேங்கை இறக்கிப் பம்பை மாற்றிவிட்டு, கோளாறு தீரவில்லையே என்று புலம்புவது இப்படித்தான் நடக்கிறது.

எரிபொருள் அழுத்தம் 9 முதல் 13 பிஎஸ்ஐ வரைதான். அளவு இவ்வளவு சிறியதாக இருப்பதால் 2 பிஎஸ்ஐ குறைந்தாலும் ஏற்றத்தில் வண்டி இழுக்காது. கேஜ் மாட்டத் தனி வாய் கிடையாது. த்ராட்டில் பாடிக்கு வரும் குழாயில் அடாப்டர் வைத்துத்தான் அளக்க வேண்டும். அழுத்தம் குறைவாக இருந்தால் வண்டியின் அடிச்சட்டத்தில் (ஃபிரேமில்) உள்ள பெட்ரோல் ஃபில்டரை முதலில் மாற்றுங்கள். சாவியை அணைத்த பிறகும் இன்ஜெக்டர் முனையில் சொட்டுச் சொட்டாக விழுந்தால், சீல் வளையங்கள் காய்ந்துவிட்டன அல்லது இன்ஜெக்டரே கசிகிறது. சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் வண்டிகளில் இதைத் தவறாமல் பாருங்கள். பெட்ரோல் நிரம்பி எஞ்சின் மூழ்கியிருந்தால் ஆக்சிலரேட்டரை முழுக்க அமுக்கிக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். ஈசிஎம் அப்போது பெட்ரோலைக் கடுமையாகக் குறைத்துவிடும்.

ஓடும், ஆனால் ஒழுங்காக ஓடாது என்ற நிலைதான் கடினமானது. இதில் முதல் வேலை, ஈசிஎம் பதிந்து வைத்திருக்கும் கோளாறு எண்ணை, அதாவது ‘கோடு’ (code) படிப்பது. டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள 12 துளைக் கனெக்டரில் ஏ, பி இரண்டையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால், செக் எஞ்சின் விளக்கு கண் சிமிட்டத் தொடங்கும். ஒரு சிமிட்டல், இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் 12. அது மூன்று முறை வரும். கணினி உயிரோடு இருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. அதன் பின் வருபவைதான் கோளாறுகள்: 14, 15 கூலன்ட் சென்சார், 21, 22 த்ராட்டில் சென்சார், 33, 34 மேப் சென்சார், 44 பெட்ரோல் குறைந்த கலவை, 45 பெட்ரோல் மிகுந்த கலவை. கோடு காட்டுவது ஒரு சுற்றைத்தான். அந்தச் சுற்றில் சென்சாரும் இருக்கிறது, வயரும் இருக்கிறது, கனெக்டரும் இருக்கிறது.

மேப் சென்சாருக்கு 5 வோல்ட் போகிறது. எஞ்சின் ஓடாமல் சாவி ஆன் நிலையில், கடல் மட்ட ஊர்களில் அதன் சிக்னல் வயரில் 4.6 வோல்ட்டுக்கு மேல் தெரிய வேண்டும். ஐட்லிங்கில் 1 முதல் 1.5 வோல்ட். இந்தச் சென்சாரை மேனிஃபோல்டோடு இணைக்கும் சிறு ரப்பர் குழாய் வெடித்திருந்தால், சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைப் படிக்கும். மேனிஃபோல்டில் வெளிக்காற்றின் அழுத்தமே இருக்கிறது என்றால், ஈசிஎம்மைப் பொறுத்தவரை ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்திருக்கிறார் என்று பொருள். பெட்ரோலைக் கொட்டும், புகை கருக்கும், எஞ்சின் திணறி நிற்கும். ஒரு சாண்கூட இல்லாத ரப்பர் துண்டு செய்யும் வேலை இது.

வேறொரு இடத்தில் வேக்குவம் கசிந்தாலோ கதை தலைகீழ். காற்றை நேரடியாக அளக்கும் எஞ்சின்களில் இப்படிக் கள்ளத்தனமாக நுழையும் காற்றால் கலவையில் பெட்ரோல் குறையும். இங்கே கசிவால் மேனிஃபோல்ட் அழுத்தம் ஏறுவதை மேப் சென்சார் பார்த்துவிடுவதால் அதற்கேற்ற பெட்ரோலும் சேர்ந்துவிடும். ஆகவே வண்டி தடுமாறாது, ஐட்லிங் வேகம்தான் ஏறும். த்ராட்டில் பாடியின் அடி கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் ஹோஸ் இரண்டும் வழக்கமான குற்றவாளிகள். மேனிஃபோல்டின் ஒரு கிளையில் மட்டும் கசிந்தால் அந்த ஒரு சிலிண்டர் வெறும் காற்றைக் குடித்து மிஸ் அடிக்கும், ஏனென்றால் பெட்ரோல் வருவது மேலிருந்துதான்.

கூலன்ட் சென்சார் இரண்டு இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. சிலிண்டர் ஹெட்டில் இருப்பது டேஷ்போர்டு முள்ளுக்கு. தெர்மோஸ்டாட் அருகே இன்டேக் மேனிஃபோல்டில் இருப்பதுதான் ஈசிஎம்முக்கு. முள் சரியாகக் காட்டுகிறது என்பதற்காக ஈசிஎம்முக்குச் சரியான செய்தி போகிறது என்று சொல்ல முடியாது. இன்டேக்கில் உள்ளதைக் கழற்றி ஓம் மீட்டரில் அளந்தால் 20 டிகிரியில் சுமார் 3,500 ஓம், 100 டிகிரியில் சுமார் 180 ஓம் இருக்க வேண்டும். வயர் அறுந்திருந்தால் ஈசிஎம்முக்கு அது மைனஸ் 40 டிகிரி குளிர். கொளுத்தும் வெயிலிலும் எஞ்சினுக்குக் குளிர்கால அளவில் பெட்ரோல் ஊற்றும். தெர்மோஸ்டாட் திறந்தே சிக்கிக்கொண்டாலும் ஏறக்குறைய இதே தொல்லைதான்.

சிக்னலில் நிற்கும்போது ஆஃப் ஆகும் வண்டியில், ஐட்லிங்கில் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் ஐஏசி வால்வைக் கழற்றி அதன் முனையிலும் துளையிலும் படிந்த கரியைத் துடையுங்கள். புதியதை மாட்டினால் முனை 28 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டிருக்கக் கூடாது; நீண்டிருந்தால் இறுக்கும்போது உள்ளே இடித்து உடையும். ஐட்லிங் சரியில்லை என்று த்ராட்டில் நிறுத்தத் திருகைத் திருகுவது வேண்டாத வேலை. தொழிற்சாலையிலேயே அதை மூடி அனுப்பியிருக்கிறார்கள். எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பிவிடும் ஈஜிஆர் வால்வு திறந்தே சிக்கினாலும் இதே அறிகுறிதான். ஐட்லிங்கில் அதன் டயாஃப்ரத்தைத் துணி சுற்றிய விரலால் தூக்கினால் எஞ்சின் திணற வேண்டும். எந்த மாற்றமும் இல்லையென்றால் வால்வு ஏற்கெனவே திறந்திருக்கிறது அல்லது வழி கரியால் அடைந்திருக்கிறது.

கோடு 44 வந்தவுடன் ஆக்சிஜன் சென்சாரை வாங்க ஓட வேண்டாம். அந்தச் சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது. எக்ஸாஸ்டில் மிஞ்சிய ஆக்சிஜன் மட்டுமே தெரியும். நல்ல சென்சார் 0.1, 0.9 வோல்ட்டுகளுக்கு இடையே ஓயாமல் ஏறி இறங்கும். ஒரு சிலிண்டர் மிஸ் அடித்தால் எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும், சென்சார் அதைப் பெட்ரோல் குறைவு என்று படிக்கும், ஈசிஎம் மேலும் பெட்ரோல் சேர்க்கும். கோடு பெட்ரோல் குறைவு என்கிறது, பிளக்குகளோ கரி பிடித்திருக்கின்றன என்ற முரண் இப்படி வருவதுதான். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல் விழுந்து அது காற்று உறிஞ்சினாலும் இதே குழப்பம் நேரும்.

எர்த் இணைப்புகளையும் விடக் கூடாது. பல வண்டிகளில் ஈசிஎம்மின் எர்த் வயர்கள் தெர்மோஸ்டாட் மூடி போல்ட்டில் இருக்கும். தெர்மோஸ்டாட் மாற்றியவர் அவற்றைத் திரும்ப மாட்ட மறந்திருக்கலாம். எஞ்சின் ஓடும்போது பேட்டரியின் மைனஸ் முனைக்கும் அந்த போல்ட்டுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் துரு ஏறியிருக்கிறது.

டைமிங், அதாவது ஸ்பார்க் வரும் நேரம், வைக்கும்போது, கருப்புக் கோடு போட்ட பழுப்பு வயரின் இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் 5.7 லிட்டர் எஞ்சினில் 0 டிகிரிக்கு வைக்க வேண்டும். கழற்றாமல் வைத்தால் ஈசிஎம் சேர்க்கும் அட்வான்ஸும் (ஸ்பார்க்கை முன்னால் தள்ளும் அளவு) கலந்து, டைமிங் தாமதமாகி வண்டி மந்தமாக ஓடும். கழற்றியதால் கோடு 42 பதிவாகும். வயரை மாட்டிய பின் பேட்டரியை அரை நிமிடம் கழற்றி வைத்தால் அழிந்துவிடும். பிளக் வயர் மாற்றும்போது சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. இதில் 5, 7 இரண்டும் அடுத்தடுத்து எரிபவை, எஞ்சினிலும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை. அவற்றின் வயர்களை ஒட்டி ஒட்டிக் கட்டினால் 5-இன் மின்சாரம் 7-க்குத் தாவி, அதை உரிய நேரத்துக்கு முன்பே பற்றவைக்கும். கிளிப்பில் அவற்றைத் தள்ளித் தள்ளி மாட்டுங்கள். முடிந்தால் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும்படி விடுங்கள்.