முறுக்கினால் சாக்பீஸ் ஏன் சாய்வாக உடைகிறது?

ஒரு சாக்பீஸின் இரண்டு முனைகளையும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கிப் பாருங்கள். வளைக்காமல் முறுக்க மட்டும் செய்தால் அது குறுக்கே நேராக உடையாது, சுருள் மாதிரி ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில் உடையும். டென்சர் என்றால் என்ன என்று யார் கேட்டாலும் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

வெப்பநிலைக்கு ஓர் எண் போதும். காற்றின் திசைவேகத்துக்கு மூன்று எண்கள், அது வெக்டர். ஆனால் சாக்பீஸுக்குள் ஒரு புள்ளியில் எவ்வளவு விசை என்று கேட்டால், எந்தத் தளத்தின் மேல் என்று சொல்லாமல் பதில் கிடையாது. அந்தப் புள்ளி வழியாக ஒரு தளம் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு பக்கம் மறுபக்கத்தை இழுக்கலாம், அழுத்தலாம், பக்கவாட்டில் நகர்த்தப் பார்க்கலாம், தளத்தைச் சாய்த்தால் இதெல்லாம் மாறிவிடும். சரி, அப்படியென்றால் எண்ணற்ற தளங்களையும் சோதிக்க வேண்டுமா? வேண்டாம் என்று 1822இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி கண்டார். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று தளங்களின் விசை தெரிந்தால் மற்றதெல்லாம் கணக்கில் வந்துவிடும். தளத்துக்கு மூன்று வீதம் ஒன்பது எண்கள். கட்டமாக எழுதினால் மூலைவிட்டத்துக்கு இருபுறமும் உள்ள எண்கள் சமம், இந்தச் சமச்சீரால் உண்மையில் ஆறு.

இந்த ஒன்பது எண்களின் கட்டத்தையே டென்சர் என்று பலர் சொல்லித் தருகிறார்கள், அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. இங்கே டென்சர் என்பது தளத்தின் திசையைக் கொடுத்தால் அதன் மேலுள்ள விசையைத் தரும் விதி, இதற்குத் தகைவு என்று பெயர். எண்கள் நாம் வைத்த அச்சுகளைப் பொறுத்தவை. அச்சை சாக்பீஸின் நீளவாக்கில் வைத்தால் நகர்த்தும் விசை மட்டுமே தெரியும். அதே அச்சை 45 டிகிரி திருப்புங்கள், நகர்த்தும் விசை காணாமல் போய், ஒரு திசையில் இழுப்பும் இன்னொரு திசையில் அதே அளவு அழுத்தமும் தெரியும். சாக்பீஸுக்குள் எதுவும் மாறவில்லை. அழுத்தத்தைத் தாங்கும் சாக்பீஸ் இழுப்பைத் தாங்காது, அதனால் அந்தச் சாய்வில் பிளக்கிறது.

அச்சு மாறினாலும் பொருள் மாறாத இந்தக் குணம்தான் ஈர்ப்புக் கோட்பாட்டுக்காக ஐன்ஸ்டீனுக்கு வேண்டியிருந்தது. இத்தாலியக் கணிதவியலாளர்கள் ரிச்சியும் லெவி-சிவிட்டாவும் 1900இல் விரிவாக எழுதிவைத்த டென்சர் கணிதத்தை, கணிதவியலாளரான நண்பர் கிராஸ்மன் அவருக்குக் காட்டிக்கொடுத்தார். 1915இல் வந்த ஈர்ப்புச் சமன்பாட்டில் ஒரு பக்கம் காலவெளியின் வளைவு, மறுபக்கம் ஆற்றலும் உந்தமும் அடங்கிய நாலுக்கு நாலு டென்சர். அதில் காலத்துக்கான வரிசைகளை நீக்கிவிட்டுப் பாருங்கள், மிஞ்சும் மூன்றுக்கு மூன்று பகுதி கோஷி எழுதிய அதே தகைவு.