எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு மருத்துவக் காப்பீடு: விதிகள் சொல்வது என்ன?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, எடை குறைந்து, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் வந்துவிட்ட ஒருவர், உடல்நலம் தேறியிருப்பதால் புதிய மருத்துவக் காப்பீடு எளிதில் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கு வேறு. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் பெரும்பகுதி அகற்றப்படுகிறது. பைபாஸ் முறையில் உணவு செல்லும் பாதையே மாற்றியமைக்கப்படுகிறது. விரைவாக எடை குறைவதால் பித்தப்பைக் கல் உருவாகலாம். பைபாஸ் செய்தவர்களுக்கு இணைப்பிடத்தில் புண்ணோ, குடல் உள்ளுக்குள் பிதுங்கிச் சிக்கிக்கொள்வதோ ஆண்டுகள் கழித்தும் நேரலாம். இரும்புச்சத்தும் வைட்டமின் பி12-ம் குறையலாம். விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர்கள் இன்றைய எடையோடு இவற்றையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

ஆகவே இரண்டு கேள்விகளைத் தனித்தனியே வைத்துக்கொள்வது நல்லது. பாலிசி தருவார்களா என்பது ஒன்று. தந்த பாலிசி, அந்த அறுவை சிகிச்சையோடு தொடர்புடைய செலவுகளை ஏற்குமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பெரும்பாலும் நாட்டின் சட்டமும், இரண்டாவதற்குப் பாலிசியின் வாசகமும் விடை சொல்கின்றன. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான் பலர் பிறகு ஏமாற்றமடைகிறார்கள்.

முதல் கேள்விக்கு மிகத் தெளிவான விடை அமெரிக்கச் சட்டத்தில் உள்ளது. 2010-இல் இயற்றப்பட்ட கட்டுப்படியாகும் மருத்துவப் பராமரிப்புச் சட்டத்தின்படி, 2014 ஜனவரி 1 முதல், முன்பே இருக்கும் நோயைக் காரணம் காட்டி எந்த முழுமையான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் ஒருவரை மறுக்கவோ, அவரிடம் கூடுதல் பிரீமியம் கேட்கவோ, அந்த நோயை மட்டும் விலக்கிவைக்கவோ முடியாது. தனிநபர் பாலிசியின் பிரீமியத்தை வயது, வசிக்கும் பகுதி, புகையிலைப் பழக்கம், எத்தனை பேர் சேர்கிறார்கள் என்பவற்றை வைத்தே மாற்றலாம். ஆனால் குறுகிய காலத் திட்டங்களுக்கும், 2010 மார்ச் 23 அன்றோ அதற்கு முன்போ வாங்கி மாற்றமின்றித் தொடரும் பழைய தனிநபர் பாலிசிகளுக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. வேலை போய் அதனுடன் காப்பீடும் போனவர்கள், பிரீமியம் குறைவு என்பதற்காகக் குறுகிய காலத் திட்டத்தில் சேர்ந்துவிட்டு, உடல்நிலை குறித்த கேள்விகளில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. காப்பீடு இழந்த நாளிலிருந்து 60 நாள்களுக்குள் சிறப்புச் சேர்க்கையில் முழுமையான திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

ஆஸ்திரேலியாவில் தனியார் மருத்துவமனைக் காப்பீட்டை உடல்நிலை காரணமாக மறுக்கவோ, அதற்காகக் கூடுதல் கட்டணம் வசூலிக்கவோ கூடாது. ஆனால் சேர்வதற்கு முந்தைய 6 மாதங்களில் அறிகுறி இருந்த நோயின் செலவை ஏற்க 12 மாதம் வரை காத்திருக்கச் சொல்லலாம். அங்கு எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை தங்க வகைப் பாலிசியில் மட்டுமே கட்டாயமாக இடம்பெறுகிறது. முதல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு திருத்த அறுவை தேவைப்படலாம் என்று கருதுபவர்கள் இதை மறந்து கீழ்வகைக்கு இறங்கிவிடக் கூடாது.

இந்தியாவில் நிலைமை இன்னும் நுணுக்கமானது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-இல் விதிகளை மாற்றியது. அதன்படி, பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்த, அல்லது மருத்துவரின் ஆலோசனையோ சிகிச்சையோ பெறப்பட்ட நோய் 'முன்பே இருக்கும் நோய்' ஆகும். அதற்கான காத்திருப்புக் காலமும் 36 மாதங்களைத் தாண்டக் கூடாது. முன்பு இது 48 மாதமாக இருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து ஆண்டு ஆகிவிட்டது, இனி அது கணக்கில் வராது என்று ஒருவர் நினைக்கலாம். சென்ற ஆண்டு இரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் பி12 ஊசி எழுதிக் கொடுத்திருந்தால், அது அந்த 36 மாதங்களுக்குள் பெற்ற சிகிச்சை என்று நிறுவனம் வாதிட இடமிருக்கிறது. மேலும், தனியார் பாலிசியில் மறுக்கும் உரிமையும் கூடுதல் பிரீமியம் கேட்கும் உரிமையும் நிறுவனத்திடம் இன்னும் இருக்கின்றன. அமெரிக்காவைப் போன்ற முழுத் தடை இங்கே இல்லை. மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். ஒரு நிறுவனம் மறுத்தது என்பதால் மற்றொன்றும் மறுக்கும் என்பதில்லை. தகுதியுள்ள குடும்பங்களுக்கான அரசுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்தில் முன்பே இருக்கும் நோய்களும் முதல் நாளிலிருந்தே ஏற்கப்படுகின்றன.

விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் இடத்தில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. 'எப்போதாவது அறுவை சிகிச்சை செய்துகொண்டதுண்டா?' என்ற கேள்விக்கு எதிரே ஆம், இல்லை என்று இரண்டு சிறு கட்டங்கள் இருக்கும். முகவர் தம் கைப்பேசியில் படிவத்தைத் திறந்து, உயரம் என்ன, எடை என்ன என்று கேட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று தாமே தட்டிவிடுவதும் நடக்கிறது. கேள்வியில் 'எப்போதாவது' என்று இருந்தால், 36 மாதக் கணக்கு அங்கே பொருந்தாது. பத்தாண்டுக்கு முந்தைய அறுவை சிகிச்சையையும் சொல்லியாக வேண்டும். வயிற்றில் லேப்ராஸ்கோபித் தழும்புகள் இருக்கின்றன. ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியும் ஏதோ ஒரு கோப்பில் இருக்கும். மறைத்தது பின்னர் தெரியவந்தால், அப்போதைய கிளைம் மட்டுமல்லாமல் பாலிசியே ரத்தாகலாம். இந்தியாவில் தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசி நடந்த பிறகு, மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, தகவலை மறைத்ததாகக் கூறி நிறுவனம் கிளைமை எதிர்க்க முடியாது. ஆனால் வேண்டுமென்றே மறைப்பது மோசடியாகக் கருதப்படக்கூடும் என்பதால், இந்த விதியை நம்பி உண்மையை விழுங்குவது சரியான வழியல்ல. படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு விடையையும் தாமே படித்துப் பார்த்த பிறகே ஒப்புதல் தர வேண்டும் என்பதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும்.

உண்மையைச் சொல்வதோடு, அதைச் சாதகமான வடிவில் சொல்லவும் வேண்டும். அறுவை சிகிச்சையின் பெயர், நாள், அப்போதைய உடல் நிறைக் குறியீடு, எந்தெந்த இணைநோய்கள் இருந்தன என்ற விவரங்கள் கொண்ட டிஸ்சார்ஜ் சம்மரியை இணையுங்கள். அதனுடன், எடை எத்தனை மாதமாக நிலையாக இருக்கிறது, எந்த மாத்திரைகள் நிறுத்தப்பட்டன, அண்மைய இரத்தப் பரிசோதனை எப்படி இருக்கிறது என்று மருத்துவர் எழுதிய ஒரு கடிதமும் இருக்கட்டும். அறுவை சிகிச்சை முடிந்து ஓரிரு மாதமே ஆகியிருந்தால் நிறுவனம் முடிவைத் தள்ளிப்போடக்கூடும். எடை நிலைபெற்ற பிறகு வரும் விண்ணப்பத்துக்கு வாய்ப்பு கூடுதல்.

கையில் ஏற்கெனவே ஒரு பாலிசி இருந்தால் அதை விட்டுவிடாதிருப்பதே எல்லாவற்றிலும் மேலான பாதுகாப்பு. முன்பு கிளைம் செய்தார் என்பதற்காகப் புதுப்பித்தலை மறுக்க இந்திய விதிகள் இடந்தருவதில்லை. வேறு நிறுவனத்துக்கு மாற விரும்பினால், புதுப்பிக்கும் நாளுக்கு 45 நாள்களுக்கு முன்பே விண்ணப்பித்தால், பழைய பாலிசியில் கழிந்த காத்திருப்புக் காலம் புதியதிலும் கணக்கில் சேரும். என்றாலும் புதிய நிறுவனம் விண்ணப்பத்தை நிராகரிக்கலாம் என்பதால், அங்கிருந்து ஒப்புதல் வரும் வரை பழையதைக் கைவிடக் கூடாது.

இனி இரண்டாவது கேள்வி. பல பாலிசிகளில் எடைக்குறைப்புச் சிகிச்சை என்பதே விலக்கப்பட்ட இனங்களின் பட்டியலில் இருக்கும். சிலவற்றில் 'அதன் பின்விளைவுகளும்' என்ற சொற்களும் சேர்ந்திருக்கும். அமெரிக்காவில்கூட, எல்லா உறுப்பினருக்கும் பொதுவான இத்தகைய விலக்கை ஒரு திட்டம் வைத்திருக்கலாம். உடல்நிலை கருதி ஒருவரைத் தனியே ஒதுக்குவதைத்தான் சட்டம் தடுக்கிறது. ஆகவே வாங்குவதற்கு முன், விலக்குகளின் பக்கத்தில் 'உடல்பருமன்', 'எடைக் கட்டுப்பாடு', 'பின்விளைவு' ஆகிய மூன்று சொற்களையும் தேடிப் படியுங்கள். எடை குறைந்தபின் தொங்கும் தோலை அகற்றுவது அழகுக்கான சிகிச்சை என்றே பெரும்பாலும் நிராகரிக்கப்படுகிறது. மடிப்புக்கு அடியில் மீண்டும் மீண்டும் வரும் புண்ணும் தொற்றும் மருந்துக்குக் கட்டுப்படவில்லை என்பதைப் புகைப்படங்களும் சிகிச்சைக் குறிப்புகளும் காட்டினால், மருத்துவத் தேவை என்ற அடிப்படையில் ஏற்கப்பட வாய்ப்புண்டு. அந்தக் குறிப்புகள் புண் வரும்போதெல்லாம் மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்தவையாக இருக்க வேண்டும்.

கிளைம் நிராகரிக்கப்பட்டால், கடிதத்தில் எந்தப் பிரிவைச் சுட்டியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். அறுவை சிகிச்சைக்கும் இப்போதைய நோய்க்கும் தொடர்பே இல்லை என்றால், அதை மருத்துவரிடமிருந்து எழுத்தில் பெற்று இணைத்து முறையிடலாம். அமெரிக்காவில் நிறுவனத்திடம் முறையிட 180 நாளும், அதிலும் தோற்றால் சுயேச்சையான வெளி மறுஆய்வு கோர 4 மாதமும் உண்டு. இந்தியாவில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு மறுத்தாலோ, 30 நாள்களில் பதில் தராவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.