பொதுச் சுகாதாரத்தில் மேற்படிப்பா? முதலில் ஒரு கேள்வியைத் தேடுங்கள்

"சேர், எம்.பி.எச். செய்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று பொதுச் சுகாதார முதுமாணிப் பட்டத்தைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது: உங்கள் ஊரில் எந்த நோய் உங்களை யோசிக்க வைக்கிறது?

யாழ்ப்பாணத்தில் இதற்குப் பதில் தேடி அலைய வேண்டியதில்லை. 2024 டிசம்பரில், வெள்ளத்துக்குப் பிறகு, காய்ச்சலால் உயிர்கள் போயின. எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து, பெரும்பாலும் காலில் உள்ள புண் வழியாக, உடலுக்குள் நுழையும் நோய் அது. வாட்டில் நிற்கும் வைத்தியர் கட்டிலில் கிடப்பவரைக் காப்பாற்றப் போராடுவார். பொதுச் சுகாதாரக்காரர் கேட்க வேண்டியவை வேறு. காய்ச்சல் வந்தவர்கள் எந்தப் பகுதி, என்ன தொழில், எப்போது வயலில் இறங்கினார்கள், காலில் புண் இருந்ததா? இவை தெரிந்தால்தான் யாருக்கு டொக்சிசைக்கிளின் என்ற தடுப்பு மருந்தை முன்கூட்டியே கொடுப்பது என்று முடிவெடுக்கலாம். இப்படிக் கேட்கப் பழக்குவதுதான் தொற்றுநோயியல்.

கிணறுகளையும் பாருங்கள். நம் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருக்கிறது. தோட்டத்து உரமும் மலசலகூடக் குழிக் கழிவும் சுலபமாக அதற்குள் இறங்கி நைத்திரேற்று என்ற உப்பைக் கூட்டுகின்றன. அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறன் குறையலாம். இதை ஆராய வைத்தியர்தான் வேண்டுமென்றில்லை. விவசாயமோ புவியியலோ படித்த பிள்ளைக்கு இங்கே நிறைய வேலை இருக்கிறது. பல பல்கலைக்கழகங்களின் எம்.பி.எச். அவர்களுக்கும் திறந்தே இருக்கிறது.

எம்.பி.எச். படிப்பில் எல்லோரும் பயப்படும் பாடம் உயிர்ப்புள்ளியியல், அதாவது உடல்நலத் தரவுகளைக் கணக்கிட்டு ஆராயும் பாடம். சும்மா சூத்திரமாகப் படித்தால் அது கசக்கும். உங்கள் ஊர்க் கிணற்று அளவீடுகளை வைத்துப் படித்தால் பிடித்துவிடும், நம்புங்கள்.

வைத்தியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இலங்கையில் சமுதாய மருத்துவ நிபுணராக, அதாவது பொதுச் சுகாதாரத்தில் விசேட வைத்தியராக வேண்டுமென்றால், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனப் பாதைதான் அதற்கு உரியது. இணையவழியில் எடுத்த வெளிநாட்டு எம்.பி.எச். தானாக அந்தத் தகுதியைத் தராது. பணம் கட்டிய பிறகு இதை அறிந்து உடைந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். மற்றவர்களும் அந்தப் பட்டத்துக்கு இங்கே அங்கீகாரம் உண்டா, களப்பணி உண்டா, ஆய்வேட்டுக்கு யார் வழிகாட்டுவார் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

விண்ணப்பிக்க முன்னம் உங்கள் பகுதி எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துக்குப் போங்கள். அனுமதி கேட்டு, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) அண்ணையோடு டெங்குப் பரிசோதனைக்கு ஒரு நாள் நடந்து பாருங்கள். குடும்பநல உத்தியோகத்தர் அக்காவிடம் எந்த வீட்டுக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கிறது, ஏன் என்று கேளுங்கள். உங்கள் ஆய்வுத் தலைப்பு அந்தப் பேச்சிலேயே அகப்படலாம்.